ஆரஞ்சுத் தாள் ஒட்டிய பூசணிக்காய்

வீட்டில் பேய் செய்து தொங்கவிட வேண்டும் என்று என் மகள் வந்து நின்றபோது நான் கடையில் லேபிள் கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்கிற தீப்பெட்டித் தொழிற்சாலைகளுக்கு அட்டை, லேபிள், கலர்த் தாள் விற்கிற கடை என்னுடையது. கீழே கடை, மேலே வீடு. மகளுக்கு அப்போது பத்து வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை எறிந்துவிட்டு அட்டை அடுக்கின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வாள். அன்று உட்காரவில்லை.

"பேயா? எதுக்கு?"

"ஹாலோவீன்ப்பா. அம்மா இருக்க ஊர்ல எல்லார் வீட்டுலயும் தொங்கவிடுவாங்களாம். முப்பத்தொண்ணாந் தேதி நாமளும் செஞ்சு காட்டணும்."

"ஏட்டி, அன்னைக்குத் தீபாவளி."

"தெரியும்."

"நல்ல நாளும் அதுவுமா வீட்டுல பேயத் தொங்கவிடச் சொல்லுதியா?"

"பேய வெரட்டத்தாம்ப்பா பேய் பொம்ம வைக்காங்க. நெசப் பேய் வந்து பாத்தா, சரி, இங்க ஏற்கெனவே ஆள் இருக்குன்னு போயிரும்."

பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்த பிறகும் எனக்கு விளங்கவில்லை. விரட்டுவதற்காக வைக்கிறார்களா, வாங்க என்று கூப்பிடுவதற்காக வைக்கிறார்களா? அவளிடம் கேட்டேன். இரண்டுக்கும் தலையாட்டினாள்.

என் மனைவி நர்ஸ். அயர்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் இருக்கிறாள். போய் அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அங்கே குழந்தைகளோடு சேர்ந்து நர்சுகளும் தாள் வெட்டி வௌவால் செய்கிறார்கள், பூசணிக்காயைக் குடைந்து முகம் வைக்கிறார்கள் என்று வீடியோவில் காட்டியிருக்கிறாள். தாயும் மகளும் பேசி ஒரு ஏற்பாடு செய்துவிட்டார்கள். முப்பத்தொன்றாம் தேதி அவளுக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம், நமக்குச் சாயங்காலம் ஆறரை மணி. அவள் அங்கே தன் பூசணிக்காய்க்குள் விளக்கைப் போட வேண்டும், இவள் இங்கே போட வேண்டும், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும்.

இதில் நான் மறுக்க என்ன இருக்கிறது? ஆனாலும் எனக்குள் என்னவோ முறுக்கிக்கொண்டு நின்றது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் கடை மேசை இழுப்பறையில் கிடந்த ஒரு காகிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அது ஒரு சம்மதக் கடிதம். என் மகள் தாயோடு போய் இருக்கத் தகப்பனாகிய நான் சம்மதிக்கிறேன் என்று இங்கிலீஷில் நாலு வரி. பாஸ்போர்ட் வந்துவிட்டது, பள்ளிக்கூடத்துக்கு எழுதிப் போட்டாயிற்று. என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. மூன்று வாரமாகப் பாக்கி. "நீங்களும் வாங்க" என்றுதான் அவள் சொன்னாள். "அங்க வந்து நான் யாருக்கு லேபிள் விக்க?" என்று கேட்டேன். முதல் தடவை கேட்டபோது சிரித்தாள். இரண்டாவது தடவை சிரிக்கவில்லை. மூன்றாவது தடவை நான் கேட்கவில்லை. எனக்குப் போக விருப்பமா இல்லையா என்பதே எனக்குத் தெரியவில்லை. மகளை அனுப்ப விருப்பமா என்றால் அதுவும் தெரியவில்லை. ஒரு பேனாவை எடுத்துப் பேரை எழுதுகிற வேலை. அதற்கு முன்னால் இழுப்பறையைத் திறக்க வேண்டியிருந்தது.

அது கிடக்கட்டும் என்று பேய் செய்கிற வேலையில் இறங்கினேன்.

எங்கள் கடையில் இதற்கெல்லாம் சாமான் தேட வேண்டியதே இல்லை. கறுப்பு அட்டையை மடித்து ஒரே வெட்டில் நாலு வௌவால் எடுத்தேன். மகள் அதற்குக் கண்ணாகச் சிவப்பு லேபிள் துணுக்கை ஒட்டினாள். பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்து, உள்ளே கசக்கிய தாளை வைத்து, கழுத்தில் நூல் கட்டினால் பேய் ஒன்று தயார். தீப்பெட்டியில் குச்சி அடுக்குகிற அடிப்பெட்டிகள் முப்பதை எடுத்துக் கறுப்புத் தாள் சுற்றி, ஒவ்வொன்றுக்குள்ளும் மருந்து முக்காத குச்சியில் ஒரு எலும்புக்கூடு செய்து படுக்க வைத்தாள். சவப்பெட்டியாம். "இது வேண்டாம்ளா" என்றேன். "அம்மா இதத்தாம்ப்பா ரொம்ப நல்லாருக்குன்னா" என்றாள். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவளுக்குச் சவப்பெட்டி எப்படி நல்லாயிருக்கும்? அதுவும் குழந்தைகள் வார்டில்? எல்லாரும் எல்லாம் தெரிந்த மாதிரிப் பேசுகிறார்கள், எனக்கு மட்டும் எதுவும் பிடிபடவில்லை என்று ஒரு எரிச்சல் வந்தது.

மாடிப்படி வாசலில் நாலு பேயைக் கட்டிவிட்ட மறுநாள் காலையில் பக்கத்துப் பாத்திரக்கடை அண்ணாச்சி கடை திறக்க வந்தவர், சைக்கிளை விட்டு இறங்காமலே மேலே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன தம்பி, வீட்டுல யாருக்கும் மேலுக்கு முடியலையா? பேயோட்டக் கோடாங்கிய எதுவும் கூப்பிட்டியளா?"

"இல்ல அண்ணாச்சி, பிள்ள வெளையாட்டுக்குக் கட்டியிருக்கு."

"வெளையாட்டா?" என்றார். மறுபடி மேலே பார்த்தார். "வேட்டில கட்டியிருக்கியளே. சாயங்காலமாவது அவுத்துருங்க."

அவிழ்க்கவில்லை. அவர் நாள் முழுக்க எங்கள் படிப் பக்கம் வராமல் ரோட்டைச் சுற்றிப் போய்த் தண்ணீர் பிடித்தார்.

வேலையிலே பெரிய வேலை பூசணிக்காய். மனைவி வைத்திருந்தது ஆரஞ்சு நிறத்தில், குண்டாக, பார்க்கவே அழகாக இருந்தது. தீபாவளிக்கு நாலு நாள் முன்பு சந்தைக்குப் போனேன். மஞ்சள் பூசணி எல்லாம் கீற்றுப் போட்டு வைத்திருந்தார்கள், முழுக்காய் கிடைக்கவில்லை. வெள்ளைப் பூசணிதான் மலையாகக் குவிந்து கிடந்தது. அமாவாசை வருகிறதல்லவா. அந்த வருஷம் தீபாவளியன்று சாயங்காலமே அமாவாசை பிறந்துவிட்டது. எங்கள் ஊரில் கடை வைத்திருக்கிறவர்கள் அமாவாசைக்கு அமாவாசை ஒரு வெள்ளைப் பூசணியில் துளை போட்டுக் குங்குமத்தைக் கொட்டி, மூடியை வைத்து, மேலே சூடம் ஏற்றிக் கடையைச் சுற்றி ரோட்டில் உடைப்போம். கண்திருஷ்டி கழிக்க. புதுக் கட்டடமென்றால் அந்தக் காயிலேயே கோரப்பல்லும் மீசையுமாக முகம் எழுதித் தொங்கவிடுவார்கள். எனக்கும் கடைக்கு ஒன்று வேண்டும். இரண்டாக வாங்கி வந்தேன்.

மகள் முகம் சுண்டிவிட்டது. "இது வெள்ளையா இருக்கு."

அதற்குள், வீடியோவில் பேசிக்கொண்டிருந்த தாய் குறுக்கிட்டாள். "ஆதில இங்க பூசணியே கெடையாதாம்ளா. முள்ளங்கி மாதிரி ஒரு கெழங்கத்தான் கொடைவாங்களாம். கெடைச்சத வச்சுச் செய்யி."

வாட்டர் கலர் அந்தத் தோலில் ஒட்டவில்லை, வழிந்து கீழே போனது. பிறகு எனக்குத்தான் யோசனை வந்தது. ஆரஞ்சு லேபிள் தாள் அரைக்கட்டு விற்காமல் கிடந்தது. அதைப் பட்டை பட்டையாகக் கிழித்து, பெட்டி ஒட்டுகிற மைதாப் பசையைக் காய்ச்சி, நானும் அவளும் உட்கார்ந்து மேலிருந்து கீழாக ஒட்டினோம். எலி கடிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம் சேர்ப்போம், அது விஷம். கையை வாயில் வைக்காதே என்று நான் பத்து தடவை சொன்னேன். அட்டை வெட்டுகிற கத்தியால் மேலே மூடி அறுத்து, சதையைச் சுரண்டி எடுத்து, முக்கோணக் கண்ணும் பல்லும் வெட்டினேன். மெழுகுவர்த்தி கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். தாளையும் தீயையும் வைத்துப் பிழைக்கிற ஊரில் எந்தத் தகப்பனும் அதைத்தான் சொல்வான். ஒரு சின்ன பேட்டரி விளக்கு வாங்கினோம்.

சுரண்டிய சதையை என்ன செய்ய? மூன்று நாள் கூட்டு, மோர்க்குழம்பு, மறுபடி கூட்டு. மகள் மூச்சுக் காட்டாமல் சாப்பிட்டாள். அந்த மூன்று நாளும் நான் சந்தோஷமாக இருந்தேன். இழுப்பறை ஞாபகமே வரவில்லை.

தீபாவளியன்று காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத்துணி உடுத்தி, தாய்க்கு வீடியோ போட்டாள். நான் அடுப்படியில் இட்லி எடுத்துக்கொண்டிருந்தேன். மகள் சொல்வது கேட்டது.

"நான் வந்ததும் இதவிடப் பெருசா செய்வோம்மா. நாம ரெண்டு பேரும்."

ரெண்டு பேரும்.

பத்து வயதுப் பிள்ளை கணக்குப் பார்த்தா பேசும்? அங்கே இருக்கப்போவது இரண்டு பேர், அதைத்தான் சொன்னாள். எனக்கோ இட்லித் துணி கையைச் சுட்டது கூடத் தெரியவில்லை. பிறகு போனை என்னிடம் கொடுத்தாள். மனைவி தீபாவளி வாழ்த்துச் சொல்லிவிட்டு, "கையெழுத்துப் போட்டாச்சாங்க?" என்று கேட்டாள். "கடை தொறக்கும்போது போட்டுருதேன்" என்றேன். "இன்னைக்குக் கடை உண்டா?" என்றாள். "அமாவாசைக்குத் தொறக்கணும்லா" என்றேன்.

சாயங்காலம் ஆறு மணிக்குக் கடைக் கதவைத் தூக்கினேன். தெருவில் சரவெடிப் புகை. மேற்கே கழுகுமலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. விளக்கேற்றிச் சாமி கும்பிட்டேன். இழுப்பறையைத் திறந்து காகிதத்தைப் பார்த்துவிட்டு மறுபடி மூடினேன். பாத்திரக்கடை அண்ணாச்சி தன் கடைக்கு உடைத்து முடித்துவிட்டு எங்கள் வாசலில் நின்று கூப்பிட்டார்.

"தம்பி, மழை வருது. சட்டுன்னு சுத்தி ஒடைங்க."

பசை காயட்டும் என்று கடையிலேயே வைத்திருந்ததால் மேசைக்கு அடியில் இரண்டு பூசணியும் இருந்தன. ஒன்று வெள்ளை, இன்னும் துளை போடாதது. இன்னொன்று துளை போட்டு மூடி வைத்து முகத்தோடு தயாராக இருந்தது. குனிந்து கையை விட்டு ஒன்றை எடுத்தேன். மூடியைத் திறந்து குங்குமத்தைக் கொட்டினேன். மூடினேன். சூடத்தை வைத்துப் பற்றவைத்தேன். தாள் கருகுகிற வாசனை வந்தது. அப்போதாவது நின்றிருக்கலாம். வலப்பக்கம் மூன்று, இடப்பக்கம் மூன்று என்று சுற்றினேன். ரோட்டுக்கு நடந்தேன். ஓங்கிப் போட்டேன்.

துளையும் மூடியும் முகமுமாக ஒரு பூசணி அமாவாசை அன்றைக்குக் கையில் இருந்தால் அதை என்ன செய்வது என்று எங்கள் ஊரில் யாரும் நின்று யோசிப்பதில்லை. இருபது வருஷமாகச் செய்து பழகிய கை, அதுபாட்டுக்குச் செய்துவிட்டது. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் ஆரஞ்சு நிறம் என் கண்ணில் படவில்லையா? பசை தடவி நானே ஒட்டிய தாள். காயின் கனம் பாதிதான் இருந்தது, சுரண்டியவன் நான். இவ்வளவும் தெரியாமலா ஒருத்தன் சுற்றினான்? காலையில் கேட்ட அந்த ரெண்டு பேரும் என்ற சொல் என் தோளில் உட்கார்ந்திருந்ததா? நிறைய நாள் யோசித்துப் பார்த்துவிட்டேன். தெரியவில்லை. வேண்டுமென்று செய்தேன் என்று சொன்னாலும் பொய் மாதிரி இருக்கிறது, தெரியாமல் செய்தேன் என்று சொன்னாலும் பொய் மாதிரி இருக்கிறது.

திரும்பினேன். மகள் கடைசிப் படியில் நின்றாள். கையில் பேட்டரி விளக்கு. அது எரிந்துகொண்டிருந்தது.

அவள் அழவில்லை. மெதுவாக ரோட்டுக்கு வந்தாள். ஒரு முக்கோணக் கண் மட்டும் முழுசாகக் கிடந்தது, அதைச் சுற்றிக் குங்குமம். எடுக்கக் குனிந்தாள்.

"பாப்பா, தொடாத! மிதிச்சிராத! திருஷ்டி கழிச்சது" என்று அண்ணாச்சி கத்தினார்.

கையை இழுத்துக்கொண்டாள். அதைச் சுற்றிப் போய் என் முன்னால் நின்றாள்.

"யாருக்குப்பா சுத்துனீங்க?"

கடைக்கு என்று சொல்லியிருக்க வேண்டும். தப்பு நடந்துபோச்சு என்று சொல்லியிருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது. அழுகை வந்துவிடுமோ என்று பயமாகவும் இருந்தது. ரோட்டில் நின்றுகொண்டு, புது வேட்டி கட்டிக்கொண்டு, அண்ணாச்சி பார்த்துக்கொண்டிருக்கும்போது.

அவள் காத்திருந்து பார்த்தாள். பிறகு கடைக்குள் போய் மேசைக்கு அடியிலிருந்த வெள்ளைப் பூசணியைக் கட்டிப் பிடித்துத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினாள். பின்னாலேயே போனேன். குடைய நேரமில்லை. கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் வட்டமாக இரண்டு கண், கோணலாக ஒரு வாய். பேட்டரி விளக்கை உள்ளே வைக்க வழியில்லாமல் உச்சியில் பசை டேப்பால் ஒட்டினாள். நான் டேப்பை வெட்டிக் கொடுத்தேன். போன் அடித்தது.

திரையில் மனைவி, யூனிபாரத்தோடு. அவளுக்கு முன்னால் நெருப்பு நிறத்தில் சிரித்துக்கொண்டிருந்தது அவளுடைய பூசணி.

"என்னளா இது? ஆரஞ்சு எங்க? நாலு நாளா ஒட்டுனீங்களே?"

நான் கேமராவுக்குப் பின்னால் நின்றேன். பத்து வயது வாயிலிருந்து என் மானம் போகப்போகிறது என்று சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அத அப்பா எனக்குச் சுத்தி ஒடைச்சாச்சும்மா" என்றாள் மகள். "நான் ஊருக்கு வரப் போறேன்லா. கண்ணு பட்டுரக் கூடாதுன்னு."

எட்டிப் பார்த்தால் மனைவி ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"அவியகிட்ட குடு" என்றாள்.

போனை வாங்கினேன்.

"அப்ப... போட்டாச்சாங்க?"

மகள் என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் என்ன இருந்தது என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. நிஜமாகவே நான் அவளுக்காகத்தான் சுற்றினேன் என்று நம்பினாளா? அப்பனைக் காப்பாற்ற ஒரு பொய் சொன்னாளா? இல்லை, மூன்று வாரமாக இழுப்பறைக்குள் கிடப்பது என்ன என்று தெரிந்துகொண்டு என்னைச் சரியான இடத்தில் மடக்கினாளா? பத்து வயதுக்கு இவ்வளவு தெரியுமா?

"போட்டாச்சு" என்றேன்.

போனை அவளிடம் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கிப் போய் இழுப்பறையைத் திறந்து கையெழுத்துப் போட்டேன். வெளியே மழை பிடித்துவிட்டது. ஆரஞ்சுத் தாளும் குங்குமமும் கரைந்து ஓடைப் பக்கமாகப் போயின. மேலே தாயும் மகளும் சிரிக்கிற சத்தம் கேட்டது.

பிள்ளை ஜனவரியில் போனாள். பேய்கள் மாடிப்படியில் ரொம்ப நாள் கிடந்தன. அண்ணாச்சிதான் ஒருநாள், "இனிமேயாவது அவுக்கலாம்லா?" என்று கேட்டார். "இருக்கட்டும் அண்ணாச்சி" என்றேன். அவருக்கும் பழகிவிட்டது. அந்தப் படி வழியாகவே தண்ணீர் பிடிக்கப் போனார்.

அடுத்த வருஷம் தீபாவளி முன்னாலேயே வந்து போய்விட்டது. முப்பத்தொன்றாம் தேதி வெறும் வெள்ளிக்கிழமை. ஆறரை மணிக்குப் போன் அடித்தது. பள்ளிக்கூடம் லீவாம், தாய்க்கும் அன்றைக்கு வேலை இல்லையாம். மகள் வளர்ந்திருந்தாள். கோரைப்பல் ஒன்று புதிதாக முளைத்திருந்தது. அவளுக்குப் பின்னால் சுவர் முழுக்கத் தீப்பெட்டிச் சவப்பெட்டிகள். அவள் கேட்டு நான் பார்சலில் அனுப்பிய அடிப்பெட்டிகள்தான். மடியில் அசல் ஆரஞ்சுப் பூசணி, கண் வெட்டி, பல் வெட்டி.

"அப்பா, போன மேசைல சாச்சு வச்சிட்டுக் கொஞ்சம் தள்ளி நேரா நில்லுங்க" என்றாள்.

நின்றேன். அவள் பூசணியை இரண்டு கையாலும் தூக்கித் திரைக்கு முன்னால் சுற்ற ஆரம்பித்தாள். வலப்பக்கம் மூன்று. இடப்பக்கம் மூன்று. என் மாதிரியே உதட்டைக் கடித்துக்கொண்டு.

"அங்கன ரோட்டுல போட்டு ஒடைக்க விடுவாங்களா?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"ஃபைன் போட்டுருவாங்களாம். அம்மா சூப் வச்சிருதேன்னா."

"அது சரி. யாருக்குளா சுத்துத?"

"உங்களுக்குத்தான். நீங்க இங்க வரப் போறீங்கல்லா" என்றாள்.

வருகிறேன் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அவளுக்குப் பின்னால் கதவோரம் மனைவி நின்றாள், என் வாயையே பார்த்துக்கொண்டு.